லேப்டாப் பாடி ஏன் விரிகிறது, எங்கே உடைகிறது

வேலூரில் ஏப்ரல் பிறந்ததும் என் சர்வீஸ் மேசைக்கு வரும் குறைகள் மாறிவிடும். மற்ற மாதங்களில் கீபோர்டு, ஸ்கிரீன், விண்டோஸ் என்று வருபவர்கள், கோடையில் பாடியைக் காட்டுகிறார்கள். "அண்ணே, வெயில் சூட்டுல வளைஞ்சிடுச்சு, பாருங்க." மூடினால் மூலை பொருந்தாது. இல்லையென்றால் ஹிஞ்சு ஓரம் வாய் பிளந்திருக்கும். இதில் சூட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நேராகப் பிளாஸ்டிக்கைப் பிடித்து வளைப்பது அபூர்வம். வேறொன்றைக் கெடுக்கிறது, அது பாடியைக் கெடுக்கிறது. அந்த வேறொன்றைத் தேடாமல் பேனலை மட்டும் மாற்றினால் புதுப் பேனலும் அதே இடத்தில் போகும்.

பாடிக்குப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இளக ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு 145 அளவில். பல லேப்டாப்புகளில் இருப்பது இரண்டும் கலந்தது. உள்ளே பிராசசர் 95, 100 வரை போவது உண்மைதான். அந்தச் சூட்டைச் செம்புக் குழாய் வாங்கி ஃபேன் பக்கம் கொண்டுபோக, அது காற்றோடு வெளியேறிவிடுகிறது. கை வைக்கும் இடம் 45-ஐத் தாண்டினாலே நாம் கையை எடுத்துவிடுவோம். பிளாஸ்டிக் இளக அது போதாது.

அதனால் பாடி உப்பியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியை. முன்பு கழற்றி மாட்டும் பேட்டரிகளுக்குள் 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை செல்கள் இரும்பு உறையில் இருந்தன. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் அலுமினிய ஃபாயில் பை போன்ற தட்டை செல்கள். இருப்பது டச்பேடுக்கு அடியில், கை வைக்கும் இடத்துக்குக் கீழே. செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதையும்போது வாயு வருகிறது. அது வெளியேற வழியில்லாததால் பை பூரி போல உப்பி, மேலே டச்பேடையும் கீழே அடிப்பேனலையும் தள்ளுகிறது. அந்தச் சிதைவை விரைவாக்குவது இரண்டு: சூடு, எப்போதும் 100 சதவீதச் சார்ஜ். கோடையில் மாடி அறையில், சார்ஜரைக் கழற்றாமல் மாதக்கணக்கில் ஓடும் லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் லேப்டாப்புகளில் இதை நிறையப் பார்த்தேன்.

அறிகுறிகள் முன்பே தெரியும், பலர் கவனிப்பதில்லை. டச்பேடை அழுத்தினால் கிளிக் வராது, அல்லது ஒரு பக்கம் மட்டும் வரும். ஸ்பேஸ்பார் பக்கம் மேடாகத் தெரியும். அணைத்துவிட்டுச் சமமான மேசையில் வைத்து மூலையைத் தொட்டால் ஆடும். இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சார்ஜர் வேண்டாம். அமுக்கி உள்ளே தள்ளுவது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது, மேலே புத்தகம் அடுக்குவது எல்லாம் தீப்பிடிக்க வைக்கும் வேலைகள். ஊசி யோசனையை உண்மையிலேயே என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சர்வீஸுக்கு எடுத்துப்போகும் வரை மெத்தை, காகிதம், துணி இல்லாத தரையில் வையுங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.

வராமல் தடுக்கச் செலவே இல்லை. இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி, கம்பெனியின் ஆப்பிலோ பயாஸிலோ இருக்கிறது. எப்போதும் கரண்டில் ஓட்டுபவர்கள் அதை இன்றே போட்டுவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். பைக்குள் வைக்கும் முன் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். மூடி மட்டும் வைத்தால் சில லேப்டாப்புகள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, காற்றே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஹிஞ்சு. எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் தொடக்கத்தில் கொண்டுவந்தால் சிறு வேலையில் முடியும். ஸ்டீல் அச்சு, அதில் இறுக்கிய வாஷர்கள், நடுவில் கிரீஸ்; அந்த உராய்வினால்தான் ஸ்கிரீன் விட்ட கோணத்தில் நிற்கிறது. இதைப் பாடியில் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் குமிழ்களில் பதித்த சின்னஞ்சிறு பித்தளை நட்டுகள். பல மாடல்களில் சூடான காற்று வெளியேறுவதும் ஹிஞ்சுக்குப் பக்கத்தில்தான். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கிரீஸ் காய்ந்து ஹிஞ்சு இறுகுகிறது. பிளாஸ்டிக்கோ நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. அந்த நிலையில் ஸ்கிரீனை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் முழு முறுக்கும் ஒரே நட்டில் விழும். நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். அதோடும் திறந்து மூடினால் பேனல் விரியும், பிறகு டிஸ்பிளே ஒயர் அறும், கடைசியில் ஸ்கிரீனும் போகும்.

திறக்கும்போது முன்பைவிட இறுக்கமாக இருக்கிறதா, 'டக்' என்று சத்தம் வருகிறதா, உடனே காட்டுங்கள். ஹிஞ்சின் முனையில் உள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே பல நேரம் போதும். உடைந்த பிறகு உடனே ஒட்டும் பசையை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அது முறுக்கைத் தாங்காது, உள்ளே வழிந்து மற்றதையும் கெடுக்கும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்சியில் நட்டைத் திரும்பப் பதிக்கலாம், சில காலம் நிற்கும். பேனல் கிடைக்கிறது என்றால் அதை மாற்றுவதையே சொல்வேன், ஆனால் ஹிஞ்சைத் தளர்த்தாமல் புதுப் பேனலில் மாட்டவே கூடாது. திறப்பதற்கு எப்போதும் நடுவில் பிடியுங்கள்.

பிளாஸ்டிக் நிஜமாகவே உருகி வரும் இடம் ஒன்று உண்டு: சார்ஜர் பின் செருகும் ஓட்டை. பின் தளர்ந்துபோய், ஆட்டினால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலையில் ஓட்டும்போது, சரியாகத் தொடாத அந்த முனையே சூடாகிச் சுற்றிலும் கறுக்க வைக்கிறது. ஆட்டிப் பார்ப்பதை விட்டு ஜாக்கை மாற்றுங்கள்.

அடியில் இருக்கும் ரப்பர் கால்கள் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. சூட்டில் பசை இளகி அவை நழுவிவிடும். கால் போனால் அடிப்பக்கம் மேசையோடு ஒட்டும், காற்று இழுக்க இடைவெளி குறையும், சூடு இன்னும் ஏறும். புதுக் கால்களுக்கு அதிகம் செலவாகாது. மெத்தை மேல் வைத்து ஓட்டுவதிலும் இதே சிக்கல்தான். கூலிங் பேட் வாங்குவதற்கு முன் ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்வேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி துணி போல அடைத்திருக்கும்போது வெளியிலிருந்து எவ்வளவு காற்று ஊதியும் பயனில்லை. வெல்வெட் போல வழவழப்பான ரப்பர் பூச்சு உள்ள பாடி, நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பிசுபிசுக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு வந்துவிடும், பாடிக்கு ஒன்றும் ஆகாது.

கை வைக்கும் இடத்தில் திடீரென்று கடுகளவு மேடு தெரிந்தால் அதற்குச் சூடு காரணமில்லை. அடிப்பேனலின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. சின்ன ஓட்டையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அது மேலே முட்டும். சர்வீஸிலிருந்து லேப்டாப்பை வாங்கும்போது அங்கேயே திருப்பிப் பார்த்து எல்லா ஓட்டையிலும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று எண்ணுங்கள், கையால் மேற்பக்கத்தைத் தடவுங்கள், ஒருமுறை திறந்து மூடுங்கள். ஹிஞ்சுப் பக்கத்து ஸ்க்ரூ விட்டுப்போயிருந்தால் போட்டுத் தரும் வரை கிளம்பாதீர்கள்.