நாயனம் வாசிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போனில் ஒரு செயலி போட்டிருக்கிறாயாம். நீ தூங்கினாலும் அது உன் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து லைக் போடுகிறது, கமென்ட் எழுதுகிறது, ஆட்களைப் பின்தொடர்கிறது. "இதில் தப்பு ஏதும் உண்டா அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய். உண்டு.

உன்னைத் திட்ட எனக்கு மனசில்லை. முகூர்த்தம் பேச வருகிறவர்கள் இன்று வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே ஃபாலோயர் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். ஆடி மாதம் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது இப்படி யோசனை போகத்தான் செய்யும்.

முதலில் உன் போன். 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியை ஆன் செய்யச் சொல்லி அந்தச் செயலி கேட்டிருக்குமே? பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லவும், கையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் செய்துவைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவதை அந்தச் செயலி படிக்கலாம், உன் விரல் போல அழுத்தவும் செய்யலாம். வங்கியிலிருந்து வரும் ஓடிபி-யும் அதே திரையில்தானே வருகிறது! 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13, பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிய செயலிகளுக்கு இந்த அனுமதியை எடுத்த எடுப்பில் தருவதில்லை, தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடுப்பை எடுத்துவிடச் சொல்லி யாராவது உனக்கு வீடியோ போட்டுக் காட்டினால் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. பேஸ்புக் கடவுச்சொல்லைத் திருடும் 400-க்கும் மேற்பட்ட செயலிகளைக் கண்டுபிடித்ததாக இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா 2022 அக்டோபரில் அறிவித்தது. சுமார் 10 லட்சம் பேருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது.

அடுத்தது கணக்கு. இன்ஸ்டாகிரெஸ் என்று ஒரு சேவை இதே வேலையைச் செய்து பெரிதாக ஓடியது. 2017-ல் இன்ஸ்டாகிராம் அதை மூடவைத்தது. மறு வருடம் நவம்பரில், இப்படி வந்த லைக், ஃபாலோ, கமென்ட்டுகளை நீக்கப்போவதாக அறிவித்து, செயலிகளிடம் கடவுச்சொல் கொடுத்திருந்தவர்களை அதை மாற்றச் சொன்னது. கணக்கே முடங்கினால் நீ போட்டுவைத்த கச்சேரி வீடியோ அத்தனையும் போச்சு.

சரி, மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லாபம் ஒன்றுமில்லை. ஒரு வீடியோ பலரிடம் போய்ச் சேர, அதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்பதே முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நீ ஃபாலோ செய்ததற்காகப் பதிலுக்கு ஃபாலோ செய்தவன் உன் தோடி ஆலாபனையை முழுசாகக் கேட்பானா? தள்ளிவிட்டுப் போவான். அவன் தள்ளத் தள்ள, உண்மையில் கேட்கக்கூடிய ஆளிடம் அது போய்ச் சேருவது குறையும்.

இதெல்லாம் உன் நஷ்டக் கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு தவில்காரர் இறந்துபோன செய்தியை அவர் மகன் போட்டிருந்தான், மாலை போட்ட படத்தோடு. அதன் கீழே ஒரு கலைஞர் பெயரில் "செம! கலக்குங்க ப்ரோ", கூடவே மூன்று தீ எமோஜி. எழுதியது செயலி என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? பெயர் கலைஞருடையது, படமும் அவருடையது. பாராட்டும் அப்படித்தான். நீ கேட்காத பாட்டை அருமை என்று உன் பெயரில் சொல்லவைத்தால் அது பொய். அதை நம்பி ஒரு சின்னப் பையன், நம் வாசிப்பை அண்ணன் கேட்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பான்.

உனக்குப் போட்டியாக வாசிக்கும் பையனையும் நினைத்துப் பார். செயலி எதுவும் இல்லாமல் 800 ஃபாலோயருடன் அவன் நிற்க, செயலி சேர்த்துக் கொடுத்த 20,000-த்தைக் காட்டி நீ கச்சேரியைப் பிடித்தால், அது அவன் பிழைப்பில் கைவைப்பது. செயலி போதாமல் ஃபாலோயரைக் காசுக்கு வாங்கப் போனால், அந்தச் சந்தையில் விற்கும் சரக்கும் லேசானதல்ல. போலி ஃபாலோயர் விற்ற அமெரிக்க நிறுவனம் டெவுமியின் சரக்கில், உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயரையும் முகத்தையும் திருடிச் செய்த கணக்குகள் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2018-ல் வெளிக்கொண்டுவந்தது. 2020-ல் மும்பை காவல்துறையும் இந்த வியாபாரத்தின் மீது வழக்குப் பதிந்தது.

எல்லாத் தானியங்கி வேலையும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீடியோவை மாலை ஆறு மணிக்கு வெளிவரும்படி முன்கூட்டியே வைத்துவிட்டுப் போ, அதற்கு மெட்டாவே வழி தருகிறது. வாட்ஸ்அப் பிசினஸில் "கச்சேரியில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று தானாகப் பதில் போகட்டும். அது குமாஸ்தா வேலை, எந்திரம் செய்யலாம். ரசிப்பதை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதே.

இன்றைக்கே அந்த அனுமதியை அணைத்துச் செயலியை நீக்கு. கடவுச்சொல்லை மாற்று, மற்ற கருவிகளிலிருந்து வெளியேறு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடு. பிறகு, உன் மல்லாரி வீடியோவின் கீழே "சீவாளி எங்கே வாங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், பார்த்தாயா? அவருக்கு நீயே பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்