பழங் கைக்கடிகாரத்தின் கண்ணாடிக் கீறல்

காலத்தை அளந்தறியும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பாசறையில் நீர் வட்டில் கொண்டு நாழிகை கணித்து அரசனுக்கு அறிவித்தோரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அவர் வட்டிலை நோக்கியவாறே இன்று நாம் மணிக்கட்டை நோக்குகின்றோம். ஆயினும், நோக்கும் கண்ணுக்கும் ஓடும் முள்ளுக்கும் இடையே மங்கிய கண்ணாடி யொன்று நிற்குமாயின், உள்ளிருக்கும் பொறி எத்துணைச் செவ்வனே இயங்கினும் பயனில்லை. நம் பாட்டனாரும் தந்தையாரும் அணிந்து, இன்று இழுப்பறையிற் கிடக்கும் கடிகாரங்களுட் சிலவற்றிற்கேனும் உள்ள குறை இதுவே. இதனை நீக்கும் முறையையும், அம்முறையின் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பான் தேசத்துச் சிட்டிசன் கம்பெனியாரின் துணையுடன் 1961-ஆம் ஆண்டிற் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. 'எச்.எம்.டி.' என்ற மூன்றெழுத்தும், 'ஜனதா' என்ற பெயரும் அக்காலத்து வீடுகளில் அறியாதார் இலர். நாள்தோறும் சாவி கொடுத்து ஓட்டப்பெறும் அக்கடிகாரங்கள், ஆசிரியர், எழுத்தர், ரெயில்வே ஊழியர் எனப் பலர் கைகளிலும் ஏறின. பின்னர், 1984-இல் தோன்றி ஓசூரில் தொழிற்சாலை யமைத்த டைட்டன் கம்பெனியின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெருகவே, சாவிக் கடிகாரத்திற்கு மதிப்புக் குன்றிற்று. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு முடிவு செய்தது.  உள்ளவற்றைப் பேணுதலே நாம் செய்யத்தக்கது.

இக்கடிகாரங்களின் 'கண்ணாடி' உண்மையிற் கண்ணாடி யன்று. அக்ரிலிக் எனப்படும் செயற்கைப் பொருள். கடை வழக்கில் இதனைப் 'பிளாஸ்டிக் கண்ணாடி' என்பர். 1930-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிற் பிளெக்சிகிளாஸ் என்றும், இங்கிலாந்திற் பெர்ஸ்பெக்ஸ் என்றும் இது விற்பனைக்கு வந்தது. தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கினை ஊடே விடும்; எடையோ கண்ணாடியின் எடையிற் பாதிக்கும் குறைவு. அடிபட்டால் இது பிளக்குமே யன்றிக் கூரிய சில்லுகளாய்த் தூள்படாது. 1969-இல் சந்திரனிற் சென்றிறங்கியோர் கொண்டுசென்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்திற்கும் இவ்வகை மூடியே அமைந்திருந்தது. கலத்தினுள்ளே கண்ணாடித் துண்டுகள் மிதத்தல் பேரிடராகும் அன்றோ?

இத்துணை நலம் வாய்ந்த பொருளுக்கு ஒரு குறையுண்டு, இது மென்மையானது. மோஸ் என்பார் வகுத்த கடினவரிசையில் அக்ரிலிக் ஏறத்தாழ 3-ஆம் படியிலும், மணலிலுள்ள படிகக்கல் 7-ஆம் படியிலும் நிற்கின்றன. வைகையோ ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கின்றது. ஆடி மாதத்துக் காற்று மதுரைச் சமவெளியின் புழுதியை வாரி நம் சட்டைக் கைகளில் நிரப்புகின்றது. புழுதி படிந்த கடிகாரத்தை வேட்டி நுனியால் அழுந்தத் துடைப்பவர், தாமறியாமலே கல்லால் அதனைக் கீறுகின்றனர்.

மதுரை நகரத்து மணிகள் விற்கும் வீதியை வருணிக்குமிடத்து, வயிரத்தின் குற்றங்களுள் ஒன்றாக 'ஏகை' என்பதனைச் சிலப்பதிகாரம் கூறும். ஏகையாவது கோடு. நம் கண்ணாடியின் கீறலும் ஓர் ஏகையே. அது நிறமுடைய கறையன்று, சிறியதொரு பள்ளம். அப்பள்ளத்தின் சரிவுகள் ஒளியைப் பல திசையிலும் சிதறச் செய்தலால், வெண்கோடாய்த் தோன்றுகின்றது. கீறலின்மீது ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். அக்ரிலிக்கும் எண்ணெயும் ஒளியை வளைக்கும் அளவு ஏறத்தாழ ஒத்திருத்தலின், எண்ணெய் நிறைந்த பள்ளம் கண்ணுக்கு மறைந்துவிடும். துடைத்தவுடன் கீறல் மீண்டும் வெளிப்படும்.

எண்ணெயிடுதல் மறைத்தலேயாம், தேய்த்தலே நீக்குதலாம். தேய்க்குங்கால் பள்ளம் நிரம்புவதாகச் சிலர் எண்ணுவர். அஃதன்று. பள்ளத்தின் அடிமட்டம் வரையிற் சுற்றியுள்ள பரப்பு முழுவதும் தாழ்த்தப்படுகின்றது. ஒரு கீறலின் ஆழம் 0.05 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அதனை முற்றும் நீக்க, அதனைச் சூழ்ந்த பரப்பினின்றும் அவ்வளவு கனத்தை நாம் இழத்தல் வேண்டும். இவ்வொன்றனை மனத்திற் கொண்டார்க்கு மற்றை விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

முதற்கண், பொருளைத் தெளிதல் வேண்டும். நகத்தால் தட்டின் மெய்க்கண்ணாடி கணீரென ஒலிக்கும், தொடுகையிற் குளிர்ந்திருக்கும். அக்ரிலிக் மந்தமாய் ஒலிக்கும், அத்துணைக் குளிராது. மெய்க்கண்ணாடிக்கு இம்முறை பயன்படாது. அடுத்து, நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுத்து ஆழம் அறிக. நகம் தடைப்படாவிடின் பசை ஒன்றே போதும். தடைப்படின் வாட்டர் பேப்பர் வேண்டும். ஊடுருவிய வெடிப்பாயின் தேய்த்தல் வீண். கண்ணாடியை மாற்றுவதே வழி.

தொடங்குமுன், ஈரம் பிழிந்த மென்துணியால் புழுதியை ஒற்றி எடுக்க. ஓரத்து உலோகத்தின்மேல் செலோ டேப் ஒட்டுக. இன்றேல், கண்ணாடியோடு முலாமும் தேய்ந்துபோம். ஆழ்ந்த கீறலாயின், 1000 எண்ணுள்ள வாட்டர் பேப்பரை ஒருதுளி நீரில் நனைத்து, மேலுங் கீழுமாக மெல்லத் தேய்க்க. பின் 1500 எண் தாளால் இடமும் வலமுமாகத் தேய்க்க. திசை மாற்றுவதன் காரணம், முன்னைத் தாளின் கோடுகள் முற்றும் அழிந்தனவா என அறிதற்பொருட்டு. அவை அழிந்த பின்னரே 2000 எண் தாளுக்குச் செல்லல் வேண்டும். இந்நிலையிற் கண்ணாடி பால்போல் வெளுத்துத் தோன்றும், அஞ்சற்க. இறுதியாக, வெண்ணிறப் பற்பசையையோ, இதற்கென விற்கும் பாலிவாட்ச் போன்ற பசையையோ பருத்தித் துணியிலிட்டு, வட்டமாகச் சில நிமிடம் தேய்க்கவே தெளிவு மீளும். துடைத்துவிட்டுச் சாய்ந்த ஒளியிற் பார்க்க. எஞ்சியிருப்பின் பசையை மட்டும் மறுமுறை இடுக.

விலக்கத்தக்கன மூன்று. பழங்கடிகாரத்தின் மூட்டுகள் நீரைத் தடுக்கும் வலியிழந்திருக்கக் கூடுமாதலின், அதனை நீரில் அமிழ்த்தலாகாது. பெட்ரோல், ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவற்றைத் தொடலாகாது. அவை அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை விளைக்கும். விரைந்து சுழலும் இயந்திரத்தால் அழுத்தித் தேய்த்தலும் ஆகாது. சற்றேறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் இப்பொருள் இளகத் தொடங்கும். உராய்வின் சூடு பரப்பைக் குழப்பிவிடும்.

இனி, எல்லை யாது எனின், எழுத்தும் முள்ளும் ஐயமின்றித் தெரியுமளவே எல்லை. கண்ணாடியின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. ஆண்டுதோறும் புதிதுபோல் ஆக்க விழைபவர் அதனை மெலிவித்து, ஒருநாள் விரலழுத்தத்திற்கே உடையுமாறு செய்வர். வட்ட மூடிகளுக்கு மாற்று, பழுது பார்ப்போரிடம் பெரும்பாலும் கிடைக்கும்; சதுரமும் பிற வடிவுமான மூடிகளுக்கு ஒத்தது கிடைத்தல் அரிது. ஆதலின், படிக்கத் தடையில்லாத மெல்லிய கோடு ஒன்றிரண்டு நிற்பின் நிற்க. மேற்பரப்பைத் தேய்க்கலாம் என்பதனால் உள்ளே கைவைக்கத் துணிதலும் வேண்டா. பொறியை எண்ணெயிட்டுச் சீர்செய்தல் கற்றோர் கைக்குரியது. அத்தொழிலறிந்த முதியோர் மதுரைக் கடைத்தெருக்களில் இன்னும் உளர். நாம் பழங்கடிகாரங்களைக் கொண்டுசென்றாலன்றி அவர்தம் தொழிலும் நில்லாது.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டு இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. மங்கிய முகத்துடன் ஒரு கடிகாரம் அகப்படின், அதனைப் பழைய சாமானோடு சேர்க்குமுன் மெல்லச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்பாராக. ஓசை கேட்குமாயின், குறை பெரும்பாலும் கண்ணாடியளவே. ஒருமணி நேர உழைப்பில் நீங்கும்.