ஏலகிரியில் இரண்டு ராத்திரி

சென்னை, ஓசூர், வேலூர் என்று மூன்று பக்கத்திலிருந்து ஜனவரிக் குளிரில் ஏலகிரிக்கு வந்து சேர்ந்த ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களுக்குள் முதல் உரசல் செல்போனால் வந்தது. ஒரு வீட்டில் பத்து வயதுவரை போனைத் தொடவே விடமாட்டார்கள். பக்கத்து டென்ட் பையனுக்குப் பாதிப் பாடம் போனில்தான். இன்னொரு வீட்டில் வார நாளில் கிடையாது, சனி ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம். முகாம் நடந்ததோ சனி ஞாயிறில்!

பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் சேர்ந்து சுற்றுலா போனால் இந்தத் தொல்லை குறைவு. பள்ளி விதி எல்லோருக்கும் ஒன்று, திட்டிக்கொண்டே கடைப்பிடிப்பார்கள். ஹோம்ஸ்கூலிங் வீடுகளின் கதை வேறு. மதிப்பெண் ஓட்டம் பிடிக்காமல் விலகியவர் ஒருவர். பிள்ளையின் உடல்நிலைக்காக விலகியவர் இன்னொருவர். ஊர் ஊராக மாற்றலாகும் வேலையால் இந்த வழிக்கு வந்தவரும் உண்டு. ஆளுக்கொரு கொள்கை, கொள்கைக்கேற்ற பிடிவாதம். இவர்கள் இரண்டு ராத்திரி ஒரே தோட்டத்தில் தங்குவதென்றால், டென்ட் எத்தனை பேருக்கு, ஸ்லீப்பிங் பேக் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாவது பேச்சு. போன், தூங்கும் நேரம், இனிப்பு, அசைவம், அடுத்த வீட்டுப் பிள்ளையை யார் அதட்டலாம் என்பவற்றைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். இந்தக் குடும்பங்கள் பேசவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, கொசுவர்த்திப் புகைக்கு நடுவே பேசினார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாப் போனும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போக வேண்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. அவசரத்துக்கு ஒன்று மட்டும் வெளியே. பிள்ளைகள் சுலபமாக ஒத்துக்கொண்டார்கள். டின் பக்கம் அடிக்கடி நடமாடியது அப்பாக்கள்தான்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: ஒப்பீடு. வகுப்பு, ரேங்க் எதுவும் இல்லாத பிள்ளைகள் ஒன்றுகூடும்போது, அளந்து பார்க்கும் ஆசை பெற்றோருக்குள் கிளம்பிவிடுகிறது. சனிக்கிழமை காலை, திண்ணையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பிரித்தார்கள். விதிகளை வாசிக்கச் சொல்லி அட்டையைப் பதினொரு வயதுப் பையனிடம் நீட்டினார் ஒரு தாய். அவன் வாங்கி, பக்கத்திலிருந்த ஏழு வயதுப் பெண்ணிடம் கொடுத்தான்.

“நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் அத்தை. இவ வேகமா படிப்பா.”

அவனுக்கு அதில் வெட்கமே இல்லை. சற்றுத் தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் அம்மாவின் கை மட்டும் நின்றது. அதே பையன்தான் முந்தின நாள் கெட்டித் தரையில் முளை இறங்காமல் பெரியவர்கள் திணறியபோது, கயிற்றைக் கல்லில் சுற்றி டென்டை இழுத்துக் கட்டியவன். “உங்க பையன் எந்த வகுப்புக்குச் சமம்?” என்ற கேள்வியை இப்படிப்பட்ட முகாம்களில் தடையே செய்துவிடலாம்.

வெளியாள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரம்மா, “லீவுகூட இல்லையே, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகலையா?” என்றார். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பற்றிப் பேசும் அந்தச் சட்டம், வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். அதற்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவ்வளவையும் தக்காளி நிறுக்கும் நேரத்தில் விளக்க முடியாது. “வீட்டுலயே படிக்கிறாங்கம்மா, பரீட்சை எழுதுவாங்க” என்பது போதும்.

இடம் தேர்வதில் பிடிவாதம் தேவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள்; மலையேற்றத்துக்கான விதிகளை அரசு இறுக்கியது அதன் பிறகுதான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, கழிப்பறையும் கிணறும் உள்ள தனியார் தோட்டமே தோது. காட்டுக்குள் தங்கினால்தான் முகாம் என்று வீறாப்புப் பேசுகிறவரிடம் சமையல் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார்.

பாம்பைப் பற்றிப் பயமுறுத்தாமல், ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. ஆகவே டென்ட் ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். செருப்பை உதறிப் போட வேண்டும். ராத்திரி ஒண்ணுக்குப் போக டார்ச்சும் ஒரு பெரியவரும் துணைக்கு வேண்டும். கடிபட்டால் கட்டுவது, கீறுவது எல்லாம் கூடாது. 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதையும் அந்த நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு யோசனை: முதல் வேளைக்குச் சமைக்கக் கூடாது. அவரவர் வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோறும் தயிர்சாதமும் அன்றைக்குப் போதும். மறுநாள் சமையல் கணக்கைப் பிள்ளைகளிடம் விட்டார்கள். ஆளுக்கு நூறு கிராம் என்று அரிசியைப் பெருக்கி எடுத்தாள் ஒன்பது வயதுக்காரி. கைக்குழந்தைக்கும் நூறு கிராம் சேர்த்துவிட்டாள். மிஞ்சியது ராத்திரி எலுமிச்சைச் சோறானது.

ஓர் அப்பா இலைகளின் வகை, பறவைப் பட்டியல் என்று ஒர்க்‌ஷீட் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அடுப்பு பற்றவைக்க அது நன்றாகப் பயன்பட்டது. திட்டம் போட்டுச் செய்தவற்றில் உருப்படியானது சனிக்கிழமை மாலை காவலூர்ப் பயணம் ஒன்றுதான். ஏலகிரியிலிருந்து இறங்கி வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம். 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்த நட்சத்திர மறைப்பைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று அது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வானம் காட்டும் வழக்கம் உண்டு. மேகம் கூடினால் கிடையாது. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு முன் சீட்டும் ஒரு எலுமிச்சம்பழமும்.

திரும்பி வந்த பிறகு தூக்கம் வராத பிள்ளைகளுக்கு ஒரு தாத்தா துருவ நட்சத்திரத்தைக் காட்டினார். வடக்கே மரம் மறைக்காத மேடாகப் பார்த்து நிற்க வைத்தார். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து பாகை. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி, அதற்கு மேல் கால் முஷ்டி. “பன்னெண்டரை இருக்குமா தாத்தா?” என்றாள் மூத்தவள். ஏலகிரியின் அட்சரேகை அதுதான்; துருவ நட்சத்திரம் நிற்கும் உயரம் ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை. டெல்லியில் நின்று பார்த்தால் எத்தனை முஷ்டி வரும் என்று அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. யாரும் எதையும் நோட்டில் எழுதவில்லை.

ஞாயிறு மதியம் கணக்கு முடிப்பது தனி வேலை. செலவைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒற்றைப் பிள்ளை வீடு முணுமுணுக்கும். தலைக்கு இவ்வளவு என்றால் மூன்று பிள்ளை வீடு முணுமுணுக்கும். வாடகையைக் குடும்பத்துக்கும் சாப்பாட்டைத் தலைக்கும் போட்டதில் இந்தக் கூட்டம் தப்பித்தது. பாத்திரத்தில்தான் தப்பவில்லை. அடியில் நெயில் பாலிஷால் பெயரெழுதாத மூன்று லிட்டர் குக்கர் ஒன்று இன்னும் ஓசூரில் இருக்கிறது. அதன் மூடி வேலூரில்.