அச்சில் குடைந்த முகம்

அன்புள்ள கண்ணு,

ரோமானியக் காசின் படத்தை அனுப்பி, "இந்த ராஜா முன்னால உட்கார்ந்து போஸ் குடுத்தாரா மாமா?" என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த முகத்தைக் குடைந்தவர் ராஜாவை ஒருமுறையாவது பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்தான்.

இந்தக் காசுகள் உன் ஊருக்கு அந்நியமானவை அல்ல. மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய ரோமானியப் பணம் கொங்கு நாட்டுக்குள் வர, பாலக்காட்டுக் கணவாய்தான் வழி. 1800இல் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு பானையில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் இருந்தவை ரோமானியப் பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் காசுகள். 1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ஐந்நூற்றுச் சொச்சம் காசுகளிலும் இந்த இருவரின் தலைகளே மிகுதி. பெரும்பாலும் இவை இன்றைய பிரான்சின் லியோன் நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. திபேரியஸோ தன் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டை இத்தாலியின் காப்ரித் தீவில் கழித்தார். அப்படியானால் லியோனில் இருந்தவருக்கு முகம் எப்படித் தெரிந்தது? ரோமில் செய்த மாதிரி உருவங்களைப் பார்த்துத்தான் ஊர் ஊராகச் சிலையும் காசும் செய்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

மாதிரியிலும் உள்ளபடி முகம் இருக்காது. கி.மு. 2 முதல் அடித்த அகஸ்டஸ் காசு ஒன்று நம் பக்கம் நிறையக் கிடைக்கிறது. பின்பக்கம் அவருடைய பேரன்கள் இருவர் கேடயத்தோடு நிற்பார்கள். அதை அடிக்கத் தொடங்கியபோது அகஸ்டஸுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. காசிலோ சுருக்கமில்லாத இளைஞர் முகம். நாட்டு மக்கள் எந்த முகத்தை நம்ப வேண்டுமோ, அதுதான் காசுக்குப் போனது. உயிரோடு இருக்கும் ரோமானியர் ஒருவரின் தலை ரோமிலேயே காசில் ஏறியது கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் காலத்தில்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த உரிமையை விடவேயில்லை.

இனி வேலைக்கு வருவோம். அச்சு என்பது கெட்டியான வெண்கலத்திலோ இரும்பிலோ செய்த கட்டை. அதன் முகப்பில் சிற்றுளியால் தலையைப் பள்ளமாகக் குடைவார்கள். கொழுக்கட்டை அச்சு மாதிரிதான்: பள்ளம் மேடாகும், இடம் வலமாகும். காசில் கன்னமும் காதும் மேடாகத் தெரிய வேண்டுமென்றால் அச்சில் அவைதான் ஆழம். பெயர் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில், கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்ட வேண்டும். இத்தனையும் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டத்துக்குள். ஓரத்து மணிகளுக்கும் சில புள்ளிகளுக்கும் சிறு துளைக்கருவியைப் பயன்படுத்தினார்கள். தலையைப் பக்கவாட்டில் காட்டியதற்கும் காரணம் உண்டு. நேர்முகமாக இருந்தால் மூக்குதான் மேடு. கைமாறக் கைமாற முதலில் அதுவே தேய்ந்துபோகும். பக்கவாட்டிலோ நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் ஒரே கோடாக நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

தலையுள்ள அச்சைப் பட்டடையில் பதித்துவிடுவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லை. அதற்கும் மேல், பின்பக்க உருவம் வெட்டிய கைப்பிடி அச்சு. ஒருவர் வில்லையை வைப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். கி.பி. 115ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானியக் கல்வெட்டுகளில் அச்சுக்காரர், வில்லை வைப்பவர், சம்மட்டிக்காரர் எனத் தனித்தனியாகவே குறித்திருக்கிறார்கள். அடி நேராக விழுவது மேல் அச்சின்மேல் என்பதால் அதுதான் முதலில் கெடும். கீழே இருக்கும் முகம் கூடுதல் நாள் உழைக்கும்.

ஒவ்வொரு அச்சும் கையால் வெட்டியது என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. திபேரியஸின் வெள்ளிக் காசு இருபது ஆண்டுக்கும் மேல் ஒரே அமைப்பில் வந்தது. ஆனாலும் கழுத்தின் தடிப்பும் மூக்கின் வளைவும் அச்சுக்கு அச்சு மாறும். இத்தகைய வேறுபாடுகளை வைத்து எது எந்த வரிசை என்று நாணயவியலார் பிரிக்கிறார்கள்.

அங்கே அதிகாரமாக இருந்த முகம், இங்கே வந்ததும் வேறு வேலை பார்த்தது. நம் ஆட்களுக்கு வேண்டியது எடையும் மாற்றும்தான். புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், ராஜாவின் தலைக்குக் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது பணமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலர் கொண்ட முடிவு. வேறு சில காசுகளைத் துளையிட்டுக் கழுத்தில் கோத்துக்கொண்டார்கள். இந்தியக் கைவினைஞர்கள் பார்த்துச் செய்த போலிகளும் உண்டு. அவற்றில் முகம் ஓரளவு சரியாக இருக்கும். எழுத்து மட்டும் வெறும் கோடும் வளைவுமாகிவிடும். படிக்கத் தெரியாத எழுத்தை வெட்டியவர், அதையும் ஒரு கோலமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அங்குள்ள ரோமானியக் காசுகளைப் பார். முதலில் முகத்தைப் பார்க்காதே. தலை நடுவில் இருக்கிறதா, ஓரம் தள்ளியிருக்கிறதா? தள்ளியிருந்தால் வில்லை சரியாக உட்காரவில்லை. கோடு இரட்டையாகத் தெரிந்தால் சம்மட்டி இரண்டு முறை விழுந்திருக்கிறது. நரம்புபோல மெல்லிய மேடு ஓடினால் அச்சில் விரிசல் விட்டிருந்தது. விளிம்பு பிளந்திருந்தால் அடியின் வேகத்தை வில்லை தாங்கவில்லை. இவற்றைப் பார்த்த பிறகு முகத்துக்கு வா. அதை வெட்டிய கையும் அப்போது தெரியும்.

இன்னொன்று. உங்கள் தோப்பில் குழி எடுக்கும்போது இப்படி ஒரு காசுப் பானை தட்டுப்பட்டால், காசைப் புளி போட்டுத் தேய்க்காதே, பங்கு போடவும் விடாதே. கிடைத்த இடத்தில் அப்படியே வைத்துவிட்டு அரசுக்குத் தெரிவி. தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. எந்தப் பானையில், எந்தக் காசோடு எது கிடந்தது என்பது கலைந்துவிட்டால், அந்தப் பணம் உங்கள் ஊர் வழியே எப்போது போனது என்று சொல்ல நமக்கு ஆதாரம் இருக்காது.

அன்புடன்,
மாமா