உயிர்மீன் கொணர்ந்த மரப்படகு

விளைந்த பொருள் கெடாமல் சந்தையை அடைந்தால்தான் உழைப்புக்கு உரிய பயன் கிட்டும். காய்கறி பயிரிடுவோர் இதனை நன்கு அறிவர். மீன் பிடிப்போருக்கோ இது மேலும் கடினமான காரியம். இறந்த மீன் விரைவில் கெட்டுவிடும். குளிர்பதன இயந்திரங்கள் பரவாத காலத்தில் அமெரிக்க மீனவர்கள் இதற்குக் கையாண்ட ஒரு வழியைப் பழைய மரப்படகு ஒன்றின் வாயிலாக ஆராய்வோம்.

அப்படகின் பெயர் எம்மா சி. பெர்ரி. கனெக்டிகட் மாநிலத்தின் நோவாங்க் என்னும் கடற்கரை ஊரில் 1866ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் முதல் தலைவர் தம் மகளின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இப்படகின் சிறப்பு அதன் வயிற்றில் அமைந்த மீன்தொட்டியாகும். படகின் நடுவே குறுக்காக, நீர் புகாத இரண்டு தடுப்புகள் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட அடிப்பலகைகளில் பல துளைகள் இடப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கடல்நீர் புகுந்தும் வெளியேறியும் வரும். பிடித்த மீன்களை அத்தொட்டியில் விட்டால், அவை சந்தை சேரும்வரை உயிருடன் இருக்கும்.

துளையிட்ட படகு மூழ்கிவிடாதா என்று வினவலாம். மூழ்காது. தொட்டியின் நீர் வெளியிலுள்ள கடல்மட்டத்திற்கு மேல் ஏறாது. தடுப்புகளுக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளில் நீர் புகாது. அப்பகுதிகளே படகை மிதக்கச் செய்கின்றன. ஆகவே, தடுப்புகளின் உறுதியே மீனவரின் உயிருக்குக் காவலாய் அமைந்தது.

காலம் மாறியது. 1886இல் ஒற்றைப் பாய்மரம் இரட்டைப் பாய்மரமாக மாற்றப்பட்டது. 1894இல் படகு வடக்கே மெய்ன் மாநிலத்திற்குச் சென்றது. 1916இல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1924இல் பீல்ஸ் என்னும் ஊரின் கரைச் சேற்றில் கைவிடப்பட்டது. அவ்வூரார் ஒருவர் அதனை மீட்டுச் செப்பனிட்டு, சரக்கு ஏற்றப் பயன்படுத்தினார். 1931இல் அதனை வாங்கிய மற்றொருவர் நெடுங்காலம் பேணினார். 1969இல் அது மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக வந்தது. அங்கே பழைய பாயமைப்பும் மீன்தொட்டியும் மீண்டும் அமைக்கப்பட்டன. 1994இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் இவ்வகைப் படகுகளுள் எஞ்சியிருப்பதாக அறியப்படுவது இஃது ஒன்றே.

சேற்றில் கிடந்தபோது எவரும் கை கொடுத்திராவிடில், தச்சர்களின் அந்நுட்பத்தை நேரில் காண நமக்கு ஒரு படகும் எஞ்சியிராது.

நம் ஊர்களிலும் பயன் நின்றுபோன ஏர், ஏற்றம், படகு முதலியன விறகாகிக் கொண்டிருக்கின்றன. பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒவ்வொரு வகையிலும் ஒன்றையேனும் மழை படாத இடத்தில் காத்து வைக்கலாம். அதன் மரம், அளவு, பொருத்தும் முறை, பயன்படுத்திய விதம் ஆகியவற்றை அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பதும் அவசியமாகும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆனால் அம்முதியோர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும்.