நம்பிக்கைகளும் உண்மைகளும்: இழுவை குறைந்தால் ரிங் போய்விட்டதா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைத் தாண்டினால் ஒரகடம். ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் அங்கே இயங்கத் தொடங்கின. வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்றும் அங்கே உண்டு. இஞ்சினை டைனமோமீட்டரில் ஏற்றிச் சக்தியை எண்ணால் அளப்பது இந்த வட்டாரத்தின் அன்றாடத் தொழில். ஆனால் ஆலை வளாகங்களிலும் பண்ணை வீடுகளிலும் புல் வெட்டும் பழைய சிறு டிராக்டர் மூச்சு வாங்கினால் மட்டும் அளவுகோல் எதுவும் வெளியே வருவதில்லை. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரிங் போச்சு, போர் போடணும்" என்று, அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரை லேத்தில் கடைய வேண்டும் என்று, தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். வயதான இஞ்சின் என்பதால் கேட்பவருக்கும் அது நியாயமாகப் படும். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. இழுவை குறைவது ஓர் அறிகுறி. ரிங் தேய்மானம் அதற்கான பல காரணங்களில் ஒன்று. அதிலும், கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஒன்று.

இந்த இஞ்சின்களில் வேகத்தை ஆள்வது கவர்னர். ஓட்டுபவர் நெம்புகோலைத் தள்ளும்போது, இந்த வேகத்தில் ஓடு என்று அதற்குக் கட்டளைதான் கொடுக்கிறார். புல்லின் சுமை ஏறி வேகம் சரிந்தால், கார்புரேட்டரின் திராட்டில் தகட்டைத் திறந்து ஈடுகட்டுவது கவர்னரின் வேலை. ஆகவே முதல் சாட்சி அந்தத் தகடுதான். ஒருவர் இருக்கையில் அமர்ந்து புல் வெட்ட, இன்னொருவர் கை வைக்காமல், எட்ட நின்று அந்த இணைப்புக் கம்பியைக் கவனிக்கட்டும். இஞ்சின் திணறும்போதும் தகடு பாதிதான் திறக்கிறது என்றால், குற்றம் கவர்னர் ஸ்பிரிங்கிலோ, தவறான துளையில் மாட்டிய கம்பியிலோ இருக்கிறது. அந்த நிலையில் இஞ்சினைப் பிரிப்பதில் ஒரு பொருளும் இல்லை. தகடு முழுக்கத் திறந்தும் வேகம் விழுந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்: சோக்கைப் பாதி இழுத்தால் தெம்பு கூடுகிறதா? கூடினால் பெட்ரோல் போதவில்லை. அடைத்த ஜெட், கார்புரேட்டருக்குப் பின்னே காற்று புகும் கேஸ்கெட், காற்றுத்துளை அடைபட்ட டேங்க் மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடிப் பிறகு நிற்கும் வண்டியில் மூடியைத் தளர்த்திப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது.

"கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தோமே, எண் குறைவாகத்தானே காட்டியது" என்பது வலுவான மறுப்பு போலத் தோன்றும். ஆனால் இந்த வகை இஞ்சினில் கேஜ் நம்பகமான சாட்சி அல்ல. சுலபமாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகவே பலவற்றின் கேம் ஷாஃப்டில் கம்ப்ரஷனைத் தளர்த்தும் சிறு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது அது வால்வை இம்மியளவு தூக்கிவைத்துக் காற்றை வெளியே விடும்; இஞ்சின் வேகம் பிடித்ததும் ஒதுங்கிக்கொள்ளும். கேஜ் அளப்பதோ ஸ்டார்ட்டர் வேகத்தில்! ஆக, புத்தம்புது இஞ்சினும் அதில் குறைவாகத்தான் காட்டும். வேடிக்கை என்னவென்றால், வால்வ் இடைவெளி அளவுக்கு மீறித் தளர்ந்திருந்தால் அந்த அமைப்பால் வால்வைத் தூக்க முடியாது. சரியில்லாத இஞ்சின் கேஜில் கூடுதல் எண் காட்டும். ஸ்டார்ட்டரும் அப்போது திணறும், பேட்டரியை மாற்றுவார்கள். இங்கே பயன்படுவது லீக்-டவுன் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, இஞ்சின் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றினால் கசியும் இடமே பதில் சொல்லும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வ். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஹெட்டின் விளிம்பில் என்றால் கேஸ்கெட். ஆயில் அளவுக்கம்பியின் துளையில் பலமாக வந்தால்தான் ரிங். அங்கே இலேசாகக் கசிவது நல்ல இஞ்சினிலும் இயல்பு.

"ரிங் மாற்றினோம், சரியாகிவிட்டதே" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் ரிங் மாற்ற இஞ்சினைப் பிரிக்கும்போது வேறென்னவெல்லாம் நடக்கிறது? வால்வைத் தேய்த்து உட்கார வைக்கிறார்கள், கரி சுரண்டுகிறார்கள், புது ஹெட் கேஸ்கெட் போடுகிறார்கள், டேப்பெட் சரிசெய்கிறார்கள், கார்புரேட்டரைக் கழுவுகிறார்கள். இத்தனையில் எது குணமாக்கியது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பில்லில் பெரிய தொகை ரிங்குக்கும் லேத்துக்கும் என்பதால் பெயரும் அவற்றுக்கே போகிறது. குறிப்பாக, குளிர்ந்த இஞ்சினில் தெம்பு, சூடானதும் சோர்வு என்றால் வால்வ் இடைவெளி குறுகியிருக்கலாம். சூட்டில் நீளும் வால்வ் முழுதாக மூடாமல் போகும். ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் போதும், அரை மணி வேலை. நீலப் புகையையும் ரிங்கோடு மட்டும் முடிச்சுப் போடக்கூடாது. ஆயில் அதிகம் ஊற்றியிருந்தாலும், பிரீதர் அடைத்திருந்தாலும், ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் அதே புகை வரும்.

வெயில் மேல் பழி போடுவது இன்னொரு வழக்கம். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் தன் கையேடுகளில் தரும் கணக்கு இது: 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 5.6 டிகிரிக்கும் சக்தி 1 சதவீதம் குறையும். ஒரகடத்தின் 41 டிகிரி மே மாத மதியத்திலும் இழப்பு ஏறக்குறைய 3 சதவீதம்தான்; ஓட்டுபவர் உணரவே மாட்டார். சுட்டெரிக்கும் இஞ்சினுக்குக் காரணம் பெரும்பாலும் மேல்மூடிக்குள் குளிர்விக்கும் தகடுகளை அடைத்த புல்தூள். பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்ற புகாரில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டது. சிறு இஞ்சின் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒப்புவது 10 வரை. ஜெட் அளவு மாறாத பழைய கார்புரேட்டரில் கலவை மெலியும், பழைய ரப்பர் குழாய் உப்பி உதிரும், ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேரும். ஆனால் இவை மெல்ல வரும் கேடுகள். போன வாரம் வரை நன்றாக இழுத்த வண்டி அதே பெட்ரோலில் இன்று திடீரெனப் படுத்ததற்கு அது விடையாகாது.

கடைசியாக, சக்தி குறைந்ததா, சுமை கூடியதா என்பதையும் பார்க்க வேண்டும். பிளேடை விடுவித்ததும் வண்டி மேடு ஏறுகிறது என்றால், மழுங்கிய பிளேடு, இறுகிய பேரிங், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஈரத்தில் அடர்ந்த கோரை ஆகியவையே சந்தேகத்துக்குரியவை. நெடுநாள் நின்ற வண்டியின் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. இதையெல்லாம் பார்த்து முடித்தபின், லீக்-டவுனில் அளவுக்கம்பித் துளை வழியே காற்று பீறிட்டால் தாராளமாக லேத்துக்கு அனுப்புங்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் போர் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.