வீடியோ விளையாட்டு நிரலாக்கப் பட்டம்: பெயரா, பாடத்திட்டமா?

முன்னுரை

‘விளையாட்டு வினையாகும்’ என்பது நம் முன்னோர் எச்சரிக்கையாகச் சொல்லிவைத்த மொழி. இன்றோ விளையாட்டே பலருக்குத் தொழிலாகவும், அத்தொழிலே பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆகிவிட்டது. கைப்பேசியில் விளையாடி மகிழும் மாணவர்களுள் சிலர், ‘இதனை உருவாக்கக் கற்றால் என்ன?’ என்று எண்ணுகின்றனர். எண்ணம் நல்லதே. ஆனால் மூன்று நான்கு ஆண்டு உழைப்பையும், பெற்றோர் அரிதின் சேர்த்த பொருளையும் ஒரு படிப்பில் இடுவதற்கு முன் அதனை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ? பட்டத்தின் பெயரைக் கண்டு தேர்ந்தெடுப்பதா, பாடத்திட்டத்தைப் படித்துத் தேர்ந்தெடுப்பதா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிரலரின் பணி

ஒரு வீடியோ விளையாட்டு பலர் கூடிச் செய்யும் ஆக்கம். உருவங்களை வரைபவர் ஓவியர். ஆட்ட விதிகளை வகுப்பவர் வடிவமைப்பாளர். ஒலி அமைப்பவர் வேறொருவர். இவை அனைத்தையும் கணிப்பொறி புரிந்துகொள்ளும் கட்டளைகளாக்கி இயங்க வைப்பவரே நிரலர். இந்த வேறுபாட்டை அறியாமல் படிப்பில் சேர்ந்து, ‘நான் வரையலாம் என்றல்லவா வந்தேன்!’ என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை.

நிரலரின் பணி எத்தகையது? பல விளையாட்டுகள் திரையில் விநாடிக்கு 60 படங்களைக் காட்டுகின்றன. அப்படியானால் ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி மட்டுமே. அதற்குள் ஆடுபவர் அழுத்திய பொத்தானை அறிய வேண்டும். ஒவ்வொரு பொருளையும் நகர்த்த வேண்டும். எது எதனோடு மோதியது என்று கணிக்க வேண்டும். முடிவில் முழுக் காட்சியையும் வரைந்து முடிக்க வேண்டும். நேரம் தவறினால் ஆட்டம் தடுமாறும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கோட்டைக் காவலன் ஒருவன் நேர் கிழக்கே நோக்கி நிற்கின்றான். அவன் நோக்கும் திசைக்கு வலப்புறம் 45 பாகை, இடப்புறம் 45 பாகை வரை அவன் கண்ணுக்குத் தெரியும் என்பது ஆட்ட விதி. ஆடுபவர் அவனிலிருந்து கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி தள்ளி நிற்கின்றார். காவலன் அவரைக் காண்பானா?

பித்தகோரசின் தேற்றப்படி இருவருக்கும் இடையே உள்ள தூரம் 5 அடி. ஆகவே ஆடுபவர் இருக்கும் திசையைக் குறிக்கும் ஓரலகு வெக்டர் (0.6, 0.8). காவலன் நோக்கும் திசையின் வெக்டர் (1, 0). இவ்விரண்டின் புள்ளிப் பெருக்கம் 0.6. இதுவே அவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பாகும். 45 பாகையின் கொசைன் மதிப்பு ஏறத்தாழ 0.707. கோணம் பெருகப் பெருகக் கொசைன் மதிப்பு குறையும். 0.6 என்பது 0.707-ஐ விடக் குறைவு. எனவே ஆடுபவர் பார்வை எல்லைக்கு வெளியே இருக்கின்றார். காவலன் காணமாட்டான். கோணம் எத்தனை பாகை என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். நூறு காவலர்களுக்கும் இக்கணக்கை விநாடிக்கு 60 முறை செய்ய வேண்டியிருப்பதால், இத்தகைய சிக்கனம் இன்றியமையாதது.

மேல்நிலை வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய கணிதம்தான் இது. இக்கணக்கு யாருக்கு மகிழ்ச்சி தருகின்றதோ அவர் இப்படிப்பிற்கு உரியவர். விளையாடுவதில் விருப்பம் மட்டும் உள்ளவர் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

முன்னோடிகள் கற்றவை

தொடக்க காலத்தில் இதற்கெனத் தனிப் பட்டம் ஏதும் இல்லை. 1972-இல் வெளிவந்த ‘பாங்’ விளையாட்டை அட்டாரி நிறுவனத்திற்காக உருவாக்கிய ஆலன் ஆல்கார்ன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிப்பொறி அறிவியலும் பயின்றவர். 2002-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாடா, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி அறிவியல் பயின்றுகொண்டே சிறிய நிறுவனம் ஒன்றில் பகுதி நேரமாக விளையாட்டு நிரல்கள் எழுதியவர். 1993-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டின் தலைமை நிரலரான ஜான் கார்மாக், கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். இதனைக் காட்டி, ‘பட்டமே வேண்டாம்’ என்பார் உளர். அவர் இளமை முதலே இடைவிடாது நிரல் எழுதிப் பயின்றவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது அடிப்படை அறிவும் அயராத பயிற்சியுமே.

தனிப் பட்டத்தின் தோற்றம்

தனிப் பட்டம் பிறந்த இடங்களுள் ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம். அங்கிருந்த டைமெக்ஸ் ஆலையில்தான் 1980-களில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் வீட்டுக் கணிப்பொறிகள் பொருத்தப்பட்டன. அவ்வாலையில் பணிபுரிந்த டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய டி.எம்.ஏ. டிசைன் நிறுவனம், 1991-இல் ‘லெம்மிங்ஸ்’ விளையாட்டையும், 1997-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ விளையாட்டையும் உருவாக்கியது. அதே 1997-இல், அந்நகரின் அபர்ட்டே பல்கலைக்கழகம் கணிப்பொறி விளையாட்டுத் தொழில்நுட்பத்தில் பட்டப் படிப்பைத் தொடங்கியது. ஊரில் தொழில் வளர்ந்தது. அதனையொட்டிக் கல்வியும் வளர்ந்தது. அப்பல்கலைக்கழகம் நிரலாக்கம் கற்பிக்கும் தொழில்நுட்பப் படிப்பையும், உருவங்கள் படைக்கக் கற்பிக்கும் கலைப் படிப்பையும் வெவ்வேறாக வைத்திருக்கின்றது என்பது கருதத்தக்கது.

மற்றோர் இடம் அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் உள்ள டிஜிபென் தொழில்நுட்பக் கழகம். 1994-இல் கனடாவின் வான்கூவரில் விளையாட்டு நிரலாக்கம் கற்பிக்கத் தொடங்கிய இந்நிறுவனம், 1998-இல் ரெட்மண்டில் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. அதன் மாணவர் குழு ஒன்று 2005-இல் தம் படிப்பின் பகுதியாக ‘நார்பாகுலர் டிராப்’ என்னும் சிறு விளையாட்டைச் செய்தது. அதனைக் கண்ட வால்வ் நிறுவனம் அக்குழுவினரைப் பணிக்கு அமர்த்தியது. அக்கருத்தின் வளர்ச்சியாக 2007-இல் வெளிவந்ததே புகழ்பெற்ற ‘போர்ட்டல்’. இங்கு நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நிறுவனம் வழங்கும் முதன்மைப் பட்டத்தின் பெயரில் ‘விளையாட்டு’ என்னும் சொல்லே இல்லை. கணிப்பொறி அறிவியலில், நிகழ்நேரப் பாவனையாக்கத்திற்குரிய பட்டம் என்பதே அதன் பெயரின் பொருள். விளையாட்டுக்கெனவே எழுந்த கல்லூரியும் அடிப்படையைக் கணிப்பொறி அறிவியலில்தான் வைத்தது.

பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கீழ்க்கண்டவற்றை ஆராய்தல் வேண்டும்.

1. பட்டம் வழங்கும் உரிமை: 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, நம் நாட்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். ஏனைய பயிற்சி நிலையங்கள் தருவது சான்றிதழே. அச்சான்றிதழைக் காட்டி முதுகலைப் படிப்பில் சேரவோ, பட்டம் வேண்டும் அரசுத் தேர்வுகளை எழுதவோ இயலாது.

2. கணிதம்: வெக்டர்களும் அணிகளும் முழுத் தாளாகக் கற்பிக்கப்படுகின்றனவா? கணிதமே இல்லாத நிரலாக்கப் படிப்பு அடித்தளம் இல்லாத வீடு.

3. கணிப்பொறி அறிவியல்: தரவுக் கட்டமைப்புகள், நெறிமுறைகள், இயக்க அமைப்பு, கணிப்பொறி வரைகலை ஆகிய நான்கும் உள்ளனவா? சி++ போன்ற மொழி ஆழமாகக் கற்பிக்கப்படுகின்றதா, அல்லது ஒரு மென்பொருளின் பொத்தான்களை இயக்க மட்டும் பழக்குகின்றார்களா? மென்பொருள் மாறும், அடிப்படை மாறாது.

4. குழுச் செயல்திட்டம்: ஆண்டுதோறும் மாணவர் கூடி ஒரு விளையாட்டை முடித்துக் காட்ட வேண்டும் என்ற விதி உண்டா? சென்ற ஆண்டு மாணவர் செய்ததைக் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அது சொல்லும்.

தனிப் பட்டமா, பொதுப் பட்டமா?

விளையாட்டுத் தொழில் ஏற்றமும் இறக்கமும் உடையது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் இத்தொழிலில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2024 சனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் மட்டுமே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பணியிடங்களை நீக்கியது. அத்தகைய நாளில் கணிப்பொறி அறிவியலின் அடிப்படையை நன்கு கற்றவர் வங்கி மென்பொருளுக்கோ, மருத்துவப் படிமத் துறைக்கோ மாறிச் செல்ல இயலும். ஒரே ஒரு மென்பொருளை இயக்க மட்டும் கற்றவரின் நிலை என்னாகும்? வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வரும் நம் போன்றோர் இதனைச் சிந்திக்காமல் இருத்தல் ஆகாது.

எனவே மேற்கூறிய நான்கும் அமைந்த தனிப் பட்டம் கைக்கெட்டும் தொலைவில், கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைத்தால் அதில் சேரலாம். கிடைக்காவிடின் மனந்தளர வேண்டுவதில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் கணிப்பொறி அறிவியலும் கணிதமும் இதே அடிப்படைகளுக்கு வழிகாட்டுபவையே. எஞ்சியதை நாமே தேடிக்கொள்ளலாம். ‘கோடோ’ என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருள் 2014 முதல் திறந்த மூலமாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றது. முப்பரிமாண உருவங்கள் அமைக்க உதவும் ‘பிளெண்டர்’ மென்பொருளும் அத்தகையதே. கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணிப்பொறியிலும் இருபரிமாண விளையாட்டு ஒன்றை எழுதத் தொடங்கலாம். அதனை முழுமையாக முடித்து, பிறர் ஆடும்படி வெளியிடுங்கள். அரைகுறையாக விட்ட பத்து முயற்சிகளைவிட முடித்த ஒன்றே நேர்முகத் தேர்வில் நமக்காகப் பேசும்.

முடிவுரை

பட்டத்தின் பெயர் விளம்பரத் தாளில் அழகாக இருக்கும்; நாளை பணிமேசையில் நமக்கு உதவப்போவது பாடத்திட்டமும் பயிற்சியுமே. ஆகவே மாணவ நண்பர்களே! சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு பருவத்தின் தாள்களையும் படியுங்கள். புரியாதவற்றைக் கணிதப் பேராசிரியரிடமும் கணிப்பொறிப் பேராசிரியரிடமும் கேட்டுத் தெளியுங்கள். அவ்வாறு தெளிந்து தேர்ந்தெடுப்போமாயின், விளையாட்டு நமக்கு நல்வினையாகவே அமையும் என்பதில் ஐயமில்லை.